ஐந்தாம் அறையில் மண்ணிறப் பொலிஷ்

வேலைக்கு நான் கறுப்புச் சப்பாத்துத்தான் போடுவேன். ஆகவே என் கைப்பைக்குள் மண்ணிறப் பொலிஷ் டப்பா எப்படி வந்தது என்று நீங்கள் முதலில் கேட்டது நியாயமான கேள்வி. அது என் தம்பி பத்மநாதனின் சப்பாத்துக்கு வாங்கியது. அவனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு நாளும் விடிய அவனுடைய சப்பாத்தை நான்தான் துடைத்து வாசலில் வைக்கிறேன். அன்று டப்பா முடியும் தறுவாயில் இருந்தது. அதே நிறத்தில் புதியது வாங்கவேண்டும் என்று பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். படத்தில் பூசும் எண்ணம் வீட்டிலிருந்து புறப்படும்போது இருக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

சொந்த மொழியில் எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி, ஐயா. ஆங்கிலத்தில் எனக்கு 'படத்துக்குக் கிட்டப் போகவேண்டாம்', 'கழிவறை கீழ்த்தளத்தில் இருக்கிறது' ஆகிய இரண்டும் நன்றாக வரும். பதினெட்டு வருடத்தில் வேறு வசனம் அதிகம் தேவைப்படவில்லை. நீங்களே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்வதாகக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இது வீட்டு விஷயம். அந்நிய ஆள் வாசிப்பது அழகில்லை. தம்பி கவுன்சிலில் வேலை செய்கிறவன்; நல்ல ஆங்கிலம். இன்று சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. நான் முன்னறையில் இருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் அவன் வந்து எடுத்துக்கொண்டு போய்க் குசினி மேசையில் கணினியில் அடிக்கிறான். முதல் பக்கம் போய்விட்டது. அவன் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. கழிவறை வசனத்துக்காக இருக்கும்.

என் பெயர் செல்வமலர். வயது அறுபத்து மூன்று. உங்கள் அருங்காட்சியகத்தின் ஐந்தாம் அறையில், கதவோரக் கதிரையில் இருப்பவள்.

ஐந்தாம் அறை ஒல்லாந்தருடைய அறை; டச்சுக்காரர் என்றும் சொல்வார்கள். அங்கே உள்ள பதினொரு படங்களில் எட்டில் வயலும் தோட்டமும் செய்கிற கமக்காரர் இருக்கிறார்கள். அந்த எட்டில் ஏழில் காசும் இருக்கிறது. ஒன்றில், குடிக்கிற தவறணையில் ஒரு கிழவன் காட்ஸ் விளையாடித் தோற்றுக்கொண்டிருக்கிறான். இன்னொன்றில், சட்டத்தரணியின் மேசைக்கு முன்னால் கோழியும் முட்டையும் ஏந்திக்கொண்டு ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கையில் காசில்லாதவர்கள் கூலியாகக் கொண்டுவந்தது. வேறொன்றில் வட்டிக்காரன் ஒரு நாணயத்தைப் பல்லில் கடித்துப் பார்க்க, அவன் பெண்சாதி நாங்கள் பார்க்கிறோமா என்று பார்க்கிறாள்.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இவற்றைக் கீறியவர்கள் கமம் செய்தவர்கள் அல்லர். நாங்கள் வெங்காயமும் மிளகாயும் போட்ட ஆட்கள். தோட்டக்காரன் காசை மேசையில் பரப்பி வைத்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு இருக்கமாட்டான். சந்தையில் விற்ற காசு வீட்டுக்கு வந்து சேரும்வரை அவன் கை இடுப்பை விட்டு எழும்பாது. படங்களுக்குப் பொறுப்பான அம்மாவும் ஒருமுறை மாணவர்களுக்கு விளங்கப்படுத்தும்போது இதைத்தான் சொன்னார். வாங்கி மாட்டியவர்கள் எல்லோரும் பட்டணத்து வியாபாரிகளாம். காசைப் பிடித்து வைக்கத் தெரியாத நாட்டுப்புறத்தானைச் சுவரில் தொங்கவிட்டு, சாப்பிட்டு எழும்பும்போது பார்த்துச் சிரிப்பதற்கு வாங்கினார்களாம். காசைப் பிடித்து வைக்கத் தெரியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என் தம்பி அப்படிப்பட்டவன். யார் கேட்டாலும் கொடுத்துவிடுவான்.

நான் பொலிஷ் பூசிய படத்தின் பெயர் 'கலியாணப் பேச்சு'. கீறியவர் யாரென்று தெரியாது. நடுவில் மேசை. இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் எதிரெதிரே. கண்ணாடி போட்ட ஒருவர் எழுதுகிறார். மேசையில் காசுக் குவியல். பெண் மேசைக்குக் கீழே நிற்கும் நாயைப் பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு மூக்குச் சிவந்திருக்கிறது, கோப்பையை உயர்த்தியிருக்கிறான், இடுப்பில் ஒரு பணப்பை தொங்குகிறது. அவனுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் நிற்கிறாள். இளம் வயதில்லை. இடக்கை அவன் தோளில். வலக்கை கீழே இருட்டுக்குள் போகிறது. கலியாணப் பெண்ணை விட்டால், அந்தக் காசுக் குவியலைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். அவள் நேரே என் கதிரையைப் பார்த்தாள். அவள் மாப்பிள்ளையின் தமக்கை என்பதை நான் முதல் நாளே அறிந்துகொண்டேன்.

நாலாம் அறையில் இருக்கும் குமுதா மலேசியாக்காரி. நல்ல பகிடிக்காரி. காலையில் என் அறையைக் கடக்கும்போது அந்தத் தொப்பிக்காரியைக் காட்டிக் கேட்பாள்:

"என்னா அக்கா, உங்க தங்கச்சி எப்படி இருக்கா இன்னிக்கு?"

"சுகமா இருக்கிறா. உம்மைத்தான் கேட்டவ."

"கேட்டாளா? அப்ப அந்த மாப்பிள்ளைக்கு ஊத்துறது போதும், எனக்கு ஒரு டீ ஊத்தச் சொல்லுங்க லா."

இப்படிப் பதினெட்டு வருடம். நல்ல வேலை. குறையில்லை.

தம்பி பிறந்தபோது எனக்குப் பத்து வயது. வீட்டில்தான் பிறந்தான். மருத்துவிச்சி உள்ளே இருந்து "நேரத்தைப் பார், பிள்ளை" என்று கத்த, மணிக்கூட்டைப் பார்த்தவள் நான். விடிய நாலு மணி இருபது. அந்த நேரத்தை வைத்து எழுதிய சாதகம் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு போய்விட்டது. பிறகு அப்பா போனார். பிறகு அம்மா. ஆகவே பத்மநாதன் எத்தனை மணிக்குப் பிறந்தான் என்பது உலகத்தில் என் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் ஆட்களிடம் பிறந்த நேரம் இல்லாமல் பொருத்தம் பார்க்க முடியாது. பொருத்தம் பார்க்காமல் கலியாணம் பேச முடியாது.

இரண்டாயிரமாம் ஆண்டு அவனை லண்டனுக்கு எடுப்பித்தேன். ஏஜென்சிக்குக் கொடுத்தது நான் ஒன்பது வருடம் இரண்டு ஷிப்ட் கிளீனிங் செய்து சேர்த்தது. என் சீதனத்துக்கென்று வைத்திருந்த காசு. எனக்குப் பேசியிருந்த இடத்தார் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் செய்தார்கள். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. மாப்பிள்ளைக்கு என்று வைத்த காசில் தம்பி வந்தான். எப்படியும் வீட்டுக்கு ஒரு ஆண் வந்ததுதானே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் படம் கீறப்பட்டு ஐம்பது அறுபது வருடத்தில், அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டுகொண்டு எங்கள் ஊர் வழக்கங்களைச் சட்டமாக எழுதிவைத்தார்கள். தேசவழமை என்று பெயர். சீதனம், காணி, ஈடு எல்லாம் அதில் உண்டு. கலியாணம் ஆகும்வரை ஆண்பிள்ளை உழைப்பதெல்லாம் வீட்டுப் பொதுவில் சேரவேண்டும் என்றும் அதில் ஒரு விதி இருந்தது. ஒல்லாந்தர் சிரிக்கிற நேரத்தில் சிரித்தாலும், எழுதுகிற நேரத்தில் கவனமாக எழுதியிருக்கிறார்கள். 'கலியாணம் ஆகும்வரை' என்ற இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

தம்பியின் வங்கிக் காட் என்னிடம் இருக்கிறது. நாங்கள் இருக்கும் செவன் கிங்ஸ் வீடு என் பெயரில் இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் கட்டுகாசு அவனுடைய சம்பளத்தில் போகிறது. கைச்செலவுக்கு வாரம் இருபது பவுண் கொடுத்து வந்தேன். போன தையிலிருந்து இருபத்தைந்து. விலைவாசி கூடிவிட்டது.

இப்போதுதான் இந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனான். குசினியிலிருந்து கேட்கிறான்.

"அக்கா, தேசவழமைக்கு இங்கிலீசில என்ன போடுறது?"

"அப்பிடியே போடு. அவை விளங்கிக்கொள்ளுவினம்."

"காட் விஷயமும் எழுதத்தான் வேணுமோ? பொலிஷ் பூசினதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உண்மை முழுக்க எழுதச் சொல்லிக் கேட்டிருக்கினம். நீ அடி."

அவன் அடிக்கிறான். இருபத்தைந்து வருடத்தில் நான் சொன்னதை ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த விதத்தில் அருமையான பிள்ளை.

முதல் சம்பந்தம் வெம்பிளியிலிருந்து வந்தது. நல்ல குடும்பம். பெண்ணிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளை தங்கள் வீட்டு மேல்மாடியில் வந்து இருக்கலாம் என்று தகப்பன் சொன்னார். சாதகம் கணிக்க அம்பலவாணன் என்ற சாத்திரியாரிடம் போனேன். அவர் கணினியில் பார்க்கிறவர். பிறந்த நேரம் கேட்டார். ஆறு மணி பத்து என்றேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டில செவ்வாய் எல்லோ இருக்குது, பிள்ளை. நேரம் சரிதானோ?"

"நானே மணிக்கூடு பார்த்தனான், ஐயா."

"அப்ப சரி. கூடப்பிறந்த அக்கா சொன்னாப் பிறகு வேற சாட்சி என்னத்துக்கு?"

வெம்பிளிக்காரர் அத்தோடு நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது பெண் மூன்று வருடம் கழித்து. அந்தப் பெண்ணுக்குச் செவ்வாய் இருந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய் நன்றாகப் பொருந்தும். ஆகவே அம்முறை வேறு சாத்திரியாரிடம் போய்ச் சரியான நேரத்தையே சொன்னேன். நாலு இருபது. தம்பிக்குச் செவ்வாய் இல்லை; பொருத்தம் இல்லை. உண்மை பேச வழி இருக்கிற இடத்தில் நான் உண்மையைத்தான் பேசுவேன்.

இந்தப் பக்கத்தை எடுக்க அவன் வந்தபோது நான் அடுத்ததைத் தொடங்கியிருந்தேன். நின்றபடியே வாசித்தான்.

"அக்கா. நான் நாலு இருபதோ, ஆறு பத்தோ?"

"நாலு இருபது."

"ம்" என்றான். கடதாசியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சரியான நேரத்தை அறிவது யாருக்கும் நல்லதுதான்.

மூன்றாவது ஆள் பியற்றிஸ். அவரை யாரும் பேசிக் கொண்டுவரவில்லை. தம்பி தானாகக் கண்டுபிடித்தான். இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. அவர் நேர்ஸ். வால்தம்ஸ்டோவில் அவர் இருந்த பிளாட்டின் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று கவுன்சிலுக்கு முறைப்பாடு போட்டிருந்தார். தம்பி போய்ப் பார்த்தான். அடுத்த கிழமையும் போய்ப் பார்த்தான். அதற்கு அடுத்த கிழமையும். ஒரு சுவரைப் பார்க்க மூன்று தரம் போன கவுன்சில்காரனை நீங்கள் இந்த நாட்டில் கண்டிருக்கமாட்டீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். புதுச் சேட்டு போட்டிருந்தான். எந்தக் காசில் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை.

"அக்கா, இவ பியற்றிஸ். வேதக்காரர். ஆனா அக்கா, எங்கட சமையல் எல்லாம் தெரியும்."

"வேதக்காரருக்கும் வாய் இருக்குத்தானே, மச்சாள்" என்று சொல்லிச் சிரித்தார் பியற்றிஸ். கலியாணம் முடிந்த மாதிரி, முதல் நாளே என்னை மச்சாள் என்றார். தான் செய்த கேக்கைத் தம்பிக்கு வெட்டிக் கொடுத்தார். அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். மூன்றாவதைப் பெட்டியிலிருந்து தானே எடுத்தான். நான் போடாமல் அவன் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்; அவர்களிடம் சாதகம் இல்லை. ஆகவே அவரை ஒருநாள் ஐந்தாம் அறைக்கு வரச்சொன்னேன். என் ஓய்வு நேரத்தில், 'கலியாணப் பேச்சு'க்கு முன்னால் இருக்கும் வாங்கில் இருவரும் இருந்தோம். தம்பி வன்னியில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சொல்லாமல் ஒருத்தியைக் கட்டியிருந்தான் என்றேன். ஒரு ஆண் குழந்தை என்றேன். செல் குண்டு விழுந்து இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விட்டார்கள், பிள்ளைக்கு இரண்டு வயது என்றேன். பியற்றிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு என்ன பேர், மச்சாள்?"

"யனுஷன்."

அந்தப் பெயர் அங்கேயே, அந்த நேரத்திலேயே வந்தது. நல்ல பெயர். இப்போதும் அதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு.

"முகம் ஆரைப் போல?"

"அவனை உரிச்சு வைச்ச மாதிரி. ஆனா பியற்றிஸ், உமக்குத் தெரியுமெண்டு காட்டிக்கொள்ளாதையும். கேட்டா அவன் உடைஞ்சு போவான். ஒருநாள் தானாச் சொல்லுவான். அதுவரைக்கும் பொறுத்திரும்."

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் சனத்தில் யாரும் யாரையும் அப்படிப்பட்ட கேள்வி கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

பியற்றிஸ் பதினொரு மாதம் பொறுத்திருந்தார். கார்த்திகை மாதம், இறந்தவர்களை நினைக்கும் நாளில், யனுஷனுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார். எனக்கு ஒரு கார்ட்டும் அனுப்பினார். தம்பியைச் சந்திக்கும் ஒவ்வொரு தரமும், அவன் தானாகச் சொல்வதற்கு வசதியாக வழியை மட்டும் திறந்துவிடுவாராம். கடைசியில் ஒருநாள், "உங்களுக்குப் பிள்ளையள் எண்டா விருப்பமோ?" என்று கேட்டிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டு, "இதுவரைக்கும் ஒண்டும் இல்லை, இனித்தான் தொடங்கோணும்" என்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த நாள் அவர் ஐந்தாம் அறைக்கு வந்தார். அதே வாங்கில் இருந்தார்.

"சிரிச்சவர், மச்சாள். செத்த பிள்ளையை இல்லையெண்டு சொல்லிப்போட்டுச் சிரிக்கிற மனிசனோட நான் எப்பிடிக் காலம் தள்ளுறது?"

"ஓம். அது கஷ்டந்தான்" என்றேன்.

அதன்பிறகு அவர் தம்பியின் போனை எடுக்கவில்லை. அவன் இரண்டு தரம் கதவுவரை போனான். சுவரைத் திருத்தி வெள்ளையும் அடித்துவிட்டார்கள். போவதற்குக் காரணம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை. "நான் என்ன பிழை விட்டன், அக்கா?" என்று கேட்டான். ஒரு பிழையும் விடவில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டான். பியற்றிஸ் யாரையும் கட்டவில்லை என்று கேள்வி. ஒவ்வொரு கார்த்திகையும் கார்ட் வருகிறது. போன வருடத்துக் கார்ட்டில், 'யனுஷனுக்கு இப்போது இருபத்தேழு ஆகியிருக்கும்' என்று எழுதியிருந்தார். பதினைந்து கார்ட்டும் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. தேவையென்றால் காட்டலாம் என்று டின்னை எடுத்துக் குசினி மேசையில் வைத்திருக்கிறேன்.

இனிப் படம். இந்த வருடம் அதைத் துப்புரவு செய்வதற்குக் கொண்டுபோனீர்கள். நாலு மாதம் சுவரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. திரும்பி வந்த திங்கட்கிழமை படங்களுக்குப் பொறுப்பான அம்மா எங்கள் எல்லோரையும் கூட்டிக் காட்டினார். பழைய வார்னிஷ் போனபிறகு இருட்டுக்குள் இருந்த வலக்கை வெளியே வந்திருந்தது. இரண்டு விரல் மாப்பிள்ளையின் பணப்பைக்குள். விரல்களுக்கு இடையில் ஒரு நாணயம். எல்லோரும் மேசைக் காசுக்கு மல்லுக்கட்ட, உண்மையான களவு பின்னால் நடக்கிறது, இதுதான் இந்தப் படத்தின் பகிடி என்றார் அம்மா. சுவரில் புதிய அட்டை ஒட்டியிருந்தது. 'எசமானின் பணப்பையில் கைவைக்கும் வேலைக்காரி.'

"அக்கா, உங்க தங்கச்சி திருடியாம் லா!" என்றாள் குமுதா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அம்மாவிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டேன். குமுதாதான் ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் காசை எடுக்கிறாள் என்று எப்படித் தெரியும்? உள்ளே வைக்கவும் கூடும்தானே? படம் அசைவதில்லை. நல்ல கேள்வி என்றார் அம்மா. ஆனால் அட்டை மாறவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது நாற்பதுக்கு, கதவு திறப்பதற்கு முன், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் பொலிஷைத் தொட்டு அந்தக் கையில் பூசினேன். மெல்லத்தான் பூசினேன். பழைய இருட்டின் நிறத்துக்கு அது மிகவும் கிட்டவாக வந்தது. மூன்று நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் குமுதா மூக்கை உறிஞ்சி, "இந்த ரூம்ல யாரு சப்பாத்து தொடைக்கிறது?" என்று கேட்டாள். அவளில் எனக்குக் கோபமில்லை.

ஆகவே, ஆம், நான்தான் செய்தேன். படம் பழுதுபடவில்லை, துடைக்க வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒருத்தியை அவள் வீட்டுக் கதை தெரியாமல் கள்ளி என்று எழுதி ஒட்டுவது சரியில்லை. அவள் அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவன் அப்படி நிம்மதியாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இருப்பானா? இந்த வீட்டிலும் தம்பிக்கு ஒரு குறையும் இல்லை. என்ன வேண்டும் என்று அவன் கேட்பதற்கு முன் நான் கொடுத்துவிடுகிறேன். எந்தப் பக்கத்திலாவது சந்தேகம் இருந்தால் நீங்கள் அவனையே கேட்கலாம்.

பியற்றிஸ் பற்றிய பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலம் இருக்கும். கொஞ்ச நேரம் அடித்தான். பிறகு பிஸ்கட் டின்னின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. களைத்துவிட்டான் போல. இந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு தேத்தண்ணியும் போட்டு வைத்தால் மிச்சத்தையும் அடித்து முடித்துவிடுவான்.